ஆறு நாளும் ஐந்து நிமிடமும்

(கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், இருபது நிமிஷம் பேசுங்க. பசங்களுக்கு ஏதாவது உபயோகமா இருக்கணும்" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டேன். "உங்க சாதனையைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் கொதிகலன்களோடு குடும்பம் நடத்தினேன். சாதனை என்று சொல்லிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற மறு வருஷம் ஆறு நாள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தேன். அதைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. ஆகவே இன்று சும்மா இருந்ததைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1979-ல் இங்கே சேர்ந்தவர்களுக்கு எங்கள் அறையைத் தெரியும். மூன்று பேர். ஒருவனுக்கு 'தாத்தா' என்று பெயர். வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணி துவைப்பான். பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் போய் நிற்பான். இன்னொருவன் 'மேனேஜர்'. இரண்டு வருஷம் மெஸ் கணக்குப் பார்த்தவன். மூன்றாவது நான். எனக்கு என்ன பட்டப்பெயர் என்பதை இந்த மேடையில் சொல்வதற்கில்லை.

தாத்தா 1986-ல் இங்கிலாந்து போனான், அங்கேயே தங்கிவிட்டான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கினான். முப்பத்தோரு அடி நீளம். உள்ளே நாலு பேர் படுக்கலாம், ஆனால் ஒருவர் எழுந்து சட்டை மாட்ட வேண்டுமென்றால் மற்ற மூவரும் படுத்தே இருக்க வேண்டும். "ரெண்டு பேரும் வாங்கடா, சில்லித் தீவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு ஜூன் மாதம் போனோம். மேனேஜருக்குத் தொழிற்சாலை இருக்கிறது, பத்து நாளுக்கு மேல் விட்டுவர முடியாது. போக வர டிக்கெட் எடுத்தாயிற்று, பணம் திரும்பாத டிக்கெட்.

படகு நின்றிருந்த ஊர் ஃபால்மத். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் என்ற பகுதியில் இருக்கிற துறைமுகம். ஃபால் நதி கடலில் சேருகிற இடம். கடல் உள்ளே புகுந்து, ஆழமான, அகலமான நீர்ப்பரப்பாக விரிந்து கிடக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு கோட்டைகள், எட்டாம் ஹென்றி 1540-களில் கட்டியவை. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற கப்பலுக்கு முதல் துறைமுகம், போகிற கப்பலுக்குக் கடைசித் துறைமுகம் என்று அந்த ஊருக்குப் பெயர். அங்கிருந்து சில்லித் தீவுகள் சுமார் அறுபது கடல் மைல். அதிகாலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். அங்கே மூன்று நாள், திரும்ப ஒரு நாள். திட்டம் காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. நம்முடைய எல்லாத் திட்டமும் அப்படித்தானே.

போய்ச் சேர்ந்த அன்று மாலை ரேடியோவில் கடல் வானிலை அறிக்கை கேட்டோம். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை முப்பத்தோரு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, வரிசை மாறாமல் வாசிக்கிறார்கள். வேதம் ஓதுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அளவு உண்டு. புயல்காற்று 'இம்மினென்ட்' என்றால் ஆறு மணி நேரத்துக்குள். 'சூன்' என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணிக்குள். 'லேட்டர்' என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அப்பால். நாம் "இதோ வந்துட்டேன்" என்று போனில் சொல்கிறோமே, அந்த மாதிரிப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அன்று எங்கள் பகுதிக்கு வாசித்தது: தென்மேற்குக் காற்று, விசை எட்டு, 'சூன்'.

விசை எட்டு என்றால் முப்பத்து நாலு முதல் நாற்பது நாட் வரை. மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர். "நம்ம ஊர் புயலைவிடக் கம்மிதானேடா" என்றான் மேனேஜர். தாத்தா சிரிக்கவில்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினான். ஃபால்மத்திலிருந்து தெற்கே போனால் லிசார்டு முனை. இங்கிலாந்து நிலப்பரப்பின் தென்கோடி அது. அங்கே ஓதம் நதி மாதிரி ஓடும். ஓதம் ஒரு பக்கம் ஓட, காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் அலை செங்குத்தாக எழும்பி உடையும். போகிற வழியில் மனக்கில்ஸ் என்று பாறைக்கூட்டம் வேறு. 1898 அக்டோபரில் 'மோஹிகன்' என்ற பயணிக் கப்பல் அதில் மோதி நூற்றாறு பேர் இறந்தார்கள். "இன்னிக்கு இல்லை" என்று சொல்லி வரைபடத்தைச் சுருட்டி வைத்தான்.

பிறகு அவன் செய்ததைப் பார்க்கத்தான் வேண்டும். கட்டிய கயிறுகளை எல்லாம் இரட்டையாக்கினான். கயிறு உரசுகிற இடத்தில் எல்லாம் பழைய தோட்டக்குழாயை நறுக்கி உறை மாதிரிப் போட்டான். பாய்களை அவிழ்த்து மூட்டை கட்டி உள்ளே தள்ளினான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது என்று நினைத்திருந்தேன். அவனுக்கு அது ஒரு வேலை.

இரவு காற்று வந்தது. படகுத் துறையில் நூற்றுக்கணக்கான பாய்மரங்கள். ஒவ்வொன்றிலும் கம்பிக் கயிறு அடித்துக்கொள்கிற சத்தம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எவர்சில்வர் டம்ளரைத் தட்டினால் எப்படி இருக்கும்? மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை என்று நாம் தட்டினோமே, அதே சத்தம். எனக்கு விடுதி ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஊரைச் சுற்றினோம். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக. ஊரின் நடுவிலிருந்து மேலே ஏற 111 படிகள், 'ஜேக்கப் ஏணி' என்று பெயர். பழநி படி ஏறிய எங்களுக்கு அது பெரிதில்லை என்று கிளம்பி, பாதியில் மூன்று பேரும் காட்சியை ரசிக்கிற சாக்கில் நின்றோம். சுங்கத் துறை இருந்த பழைய படித்துறையில் செங்கல்லால் கட்டிய தடித்த புகைபோக்கி நிற்கிறது. 'அரசரின் புகைக்குழாய்' என்கிறார்கள். கடத்தல் புகையிலையைப் பிடித்து அதில்தான் எரித்தார்களாம். கொதிகலன்காரனாகிய நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அந்த ஊரே காத்திருப்பதற்கென்று பிறந்த ஊர். இது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முன்னால், தானியமும் சர்க்கரையும் உரமும் ஏற்றிக்கொண்டு உலகத்தின் மறுபக்கத்திலிருந்து புறப்படுகிற பாய்மரக் கப்பலுக்கு, சரக்கு எங்கே இறங்கும் என்று தெரியாது. நடுவழியில் இருக்கும்போது சரக்கு கைமாறும். ஆகவே 'ஃபால்மத்துக்குப் போ, அங்கே உத்தரவு கிடைக்கும்' என்று சொல்லி அனுப்புவார்கள். மாதக்கணக்கில் கடலில் கிடந்து வந்தவர்கள் இங்கே நங்கூரம் போட்டு, லண்டனிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ முதலாளி அனுப்பும் தகவலுக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

தபால் கப்பல்களுக்கும் அதுதான் தலைமையிடம். 1688-லிருந்து 1850 வரை, லிஸ்பனுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் அரசாங்கத் தபால் அங்கிருந்துதான் போயிற்று. 1805 அக்டோபர் 21-ல் டிரஃபால்கர் கடற்போர் நடந்தது, நெல்சன் இறந்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த 'பிக்கிள்' என்ற சின்னக் கப்பல் வழியில் புயலில் அடிபட்டு, நவம்பர் 4-ம் தேதிதான் ஃபால்மத்தைத் தொட்டது. அதன் தலைவர் இறங்கி, இருபத்தொரு தடவை குதிரை மாற்றி, ஏறக்குறைய 38 மணி நேரத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தார். ஒரு நாட்டின் தலைவிதி பற்றிய செய்தியே இரண்டு வாரம் காத்திருந்தது என்று கேட்டபோது, என் டிக்கெட் கவலை எனக்கே சின்னதாகத் தெரிந்தது. ஆனால் போகவில்லை.

நாலாம் நாள் விடாத மழை. படகுக்குள்ளேயே முடங்கினோம். மேனேஜர் குக்கரில் சாதம் வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ரசப்பொடியில் ரசம் வைத்தான். படகு அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும். படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாது. பக்கத்துப் படகில் ஓர் இளம் ஜோடி. வாசனை பிடித்து எட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தோம். சளிக்கு நல்லது என்றோம். அந்தப் பையன் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் இரண்டாவது டம்ளர் கேட்டான்.

அன்றுதான் தாத்தா ஃபிட்ஸ்ராயைப் பற்றிச் சொன்னான். மாணவர்கள் கவனிக்க வேண்டும். டார்வினைத் தெரியும். அவர் 'பீகிள்' கப்பலில் உலகம் சுற்றியதும் தெரியும். அந்தக் கப்பல் கிளம்பும்போதே மோசமான வானிலையால் இரண்டு தடவை பிளிமத்துக்குத் திரும்ப நேர்ந்து, 1831 டிசம்பர் 27-ல்தான் புறப்பட முடிந்தது. ஐந்து வருஷம் கழித்து 1836 அக்டோபர் 2-ம் தேதி டார்வின் வந்து இறங்கியது இதே ஃபால்மத்தில். இறங்கியவர் உலகப் புகழ் பெற்றார். கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய் என்ன ஆனார் என்று நாம் படித்ததில்லை.

அவர் 1854-ல் பிரிட்டன் அரசின் புதிய வானிலைத் துறைக்குத் தலைவரானார். 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் உடைந்து நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஃபிட்ஸ்ராய் நம்பினார். துறைமுகங்களிலிருந்து தந்தி மூலம் காற்றழுத்தக் கணக்கை வரவழைத்து, 1861-ல் புயல் எச்சரிக்கை தர ஆரம்பித்தார். கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றிக் காட்டுவார்கள். நம் பத்திரிகையில் 'ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று படிக்கிறோமே, அந்தக் கூண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கல்கத்தா துறைமுகத்துக்கு 1865-லேயே புயல் எச்சரிக்கை தரத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் கணிப்பு சில சமயம் பொய்த்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. கப்பல் முதலாளிகளுக்குக் கோபம். கூம்பு ஏறினால் படகு கிளம்பாது, வருமானம் போய்விடும். கடன், உடல்நலக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து 1865-ல் ஃபிட்ஸ்ராய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மறு வருஷம் எச்சரிக்கையை நிறுத்தியும் விட்டார்கள். கடலோரத்துக்காரர்கள் திரும்ப வேண்டும் என்று கேட்டதால் 1867-ல் மறுபடி தொடங்கினார்கள். 2002-ல் அந்த முப்பத்தொரு கடல் பகுதிகளில் ஒன்றுக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் வைத்தார்கள். "இப்ப தினமும் அவர் பேரை ரேடியோவில் வாசிக்கிறாங்க" என்றான் தாத்தா. அவர் உயிரோடு இருந்தபோது இவ்வளவு மரியாதை கிடைத்ததா என்று மேனேஜர் கேட்டான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள். இந்த நாளுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

காலையில் எழுந்தால் வெயில். வானம் நீலம். காற்று மெல்லியது. நாங்கள் இரண்டு பேரும் குளித்துத் தயாராகி நின்றோம். தாத்தா மட்டும் கரையில் இருந்த மேட்டில் ஏறி, கடலைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கும் வேண்டாம்டா" என்றான். காற்று குறைந்தாலும் நாலு நாள் புயல் கிளப்பிய அலைவீச்சு இன்னும் அடங்கவில்லை. மேற்கே இன்னொரு தாழ்வழுத்தம் வந்துகொண்டிருக்கிறது. அது இரவு வருமா மாலையே வருமா என்பது தெளிவில்லை. மாலையே வந்தால் நாம் லிசார்டுக்கு அப்பால் மாட்டுவோம். இதுதான் அவன் கணக்கு.

பக்கத்துப் படகு ஜோடி கயிற்றை அவிழ்த்தார்கள். கையசைத்துவிட்டுப் போனார்கள். மேற்கே நியூலினுக்கு. அவர்கள் பாய் விரிந்து வெயிலில் வெள்ளையாக வாசலைத் தாண்டுவதை நாங்கள் நின்று பார்த்தோம்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "ஏண்டா, எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கோம். சின்னப் பசங்க போறாங்க. நீ காலேஜிலேயே பயந்தாங்கொள்ளிடா. இந்தப் படகை ஏன் வாங்கினே, ஃபோட்டோ எடுக்கவா?" என்று கேட்டுவிட்டேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். நாற்பது வருஷ நட்பில் சொல்லாத வார்த்தைகள். தாத்தா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், கயிறு உரசுகிற இடத்தில் குழாய் நகர்ந்திருந்ததைச் சரி செய்தான். அன்று பகல் முழுவதும் மூன்று பேரும் முப்பத்தோரு அடிக்குள் பேசாமல் இருந்தோம். அது சுலபமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

மாலையில் புயல் வந்திருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். வரவில்லை. இரவு வெகு நேரம் கழித்துத்தான் காற்று எழுந்தது. மறுநாள் காலை அந்தப் பையன் போனில் பேசினான். கொஞ்சம் தலைசுற்றல், மற்றபடி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம், ரசம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றான்.

நான் தாத்தாவைப் பார்த்தேன். "அப்போ போயிருக்கலாம்தானே?" என்றேன்.

அவன் சொன்னான்: "போயிருக்கலாம். அவங்க பத்திரமா சேர்ந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா அதனால நேத்து என் கணக்குத் தப்புன்னு ஆகாது. நேத்துக் காலையில எனக்குத் தெரிஞ்சதை வச்சுத்தான் நேத்து முடிவு பண்ண முடியும். நல்லபடியா முடிஞ்சதுனாலேயே ஒரு முடிவு நல்ல முடிவு ஆயிடாதுடா. பத்துத் தடவை தப்பா முடிவு பண்ணி பத்துத் தடவையும் தப்பிச்சுடலாம். அப்போ பதினோராவது தடவை ரொம்ப தைரியமாப் பண்ணுவோம்."

அவன் என்னை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. ஆனால் எனக்குக் கை நடுங்கிற்று.

நண்பர்களே, 1991-ல் ஒரு ஆலையில் எண்ணெய் எரிக்கும் கொதிகலனுக்கு நான் பொறுப்பு. மறுநாள் காலை திறப்பு விழா. வாழை மரம் கட்டியாயிற்று. இரவு நீராவி எழுப்ப வேண்டும். பற்றவைக்கும் கருவி சண்டித்தனம் செய்தது. இயந்திரவியல் மாணவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு தடவை பற்றாமல் போகும்போதும் உலைக்குள் எரியாத எண்ணெய் ஆவி தங்கும். விசிறியை ஓட்டி ஐந்து நிமிடம் காற்றை ஊதி அதை வெளியேற்றிய பிறகுதான் அடுத்த முறை பற்றவைக்கலாம். அதற்கென்றே பூட்டு மாதிரி ஒரு டைமர் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். இரவு இரண்டு மணிக்கு நான் அந்த டைமரை பைபாஸ் செய்யச் சொன்னேன். ஒரு நிமிடம் ஊதினால் போதும் என்றேன். அப்படிப் பல தடவை செய்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவை ஒன்றும் ஆகாதபோதும் எனக்குத் தைரியம் கூடிற்று. அரை நிமிடமாகக் குறைத்தேன்.

அடுத்த தடவை உலை வெடித்தது. பார்வைத் துளையருகே நின்ற ஆபரேட்டருக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு கையும் வெந்தன. ஒரு கண் போயிற்று. விசாரணை நடந்தது. 'பற்றவைக்கும் கருவியில் கோளாறு' என்று அறிக்கை எழுதினார்கள். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். டைமரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதை நான் அந்தப் படகில்தான் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். மேனேஜர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். வெளியே மழை. தாத்தா ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் பையன் இப்போ எங்கே இருக்கான்?" என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

அன்று மாலை மழை விட்டதும் மூன்று பேரும் கடற்கரையோரம் நடந்தோம். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் கிளம்பிய துறைமுகம் இது என்று தாத்தா காட்டினான். பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 'சுஹைலி' என்ற முப்பத்திரண்டு அடிப் படகில், 1968 ஜூன் 14-ல் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22-ல் இதே இடத்துக்குத் திரும்பியவர் அவர். அந்தப் போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவர்தான். நம் ஊரில் கட்டிய படகு என்று எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது.

ஆனால் அந்த ஒன்பது பேரில் டொனால்டு குரோஹர்ஸ்ட் என்று ஒருவர். நம்மைப் போல் இன்ஜினியர், எலக்ட்ரானிக்ஸ்காரர். போட்டி விதிப்படி 1968 அக்டோபர் 31-க்குள் கிளம்பியாக வேண்டும். படகு தயாராகவில்லை. போட்ட பணம், கொடுத்த வாக்கு, காத்திருக்கும் பத்திரிகைக்காரர்கள்... வேண்டாம் என்று சொல்ல முடியாமல் அந்தக் கடைசி நாளிலேயே கிளம்பிவிட்டார். தென்கடலுக்குப் போனால் படகு தாங்காது, திரும்பினால் மானம் போகும். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக ரேடியோவில் பொய் நிலை சொன்னார். 1969 ஜூலையில் படகு மட்டும் கிடைத்தது, ஆள் இல்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த ஐயாயிரம் பவுண்டு பரிசை அப்படியே குரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்குக் கொடுத்துவிட்டார்.

குரோஹர்ஸ்டைக் கெட்டவர் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அக்டோபர் 31 என்ற தேதி அவருக்கு இருந்தது. எனக்குத் திறப்பு விழா இருந்தது.

ஏழாம் நாள் காற்று வடமேற்குக்குத் திரும்பிக் கடல் அடங்கியது. சில்லித் தீவுக்குப் போய்த் திரும்ப நாள் போதவில்லை. தெற்கே சில மைல் தள்ளி ஹெல்ஃபர்டு நதி வரை போனோம், ஓர் இரவு நங்கூரம் போட்டோம், திரும்பினோம். அவ்வளவுதான் எங்கள் கடல் பயணம். தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடா, சுக்கானைப் பிடி" என்றான்.

ஊர் திரும்பியதும் அந்த ஆபரேட்டரைத் தேடினேன். நாலு மாதம் ஆயிற்று. தன் சொந்த ஊரில் மனைவியோடு மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருக்கே இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "சார், வாங்க" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "டைமர் விஷயம் எனக்கு அன்னிக்கே தெரியும் சார். நானும் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். பெரியவங்க சொல்றப்போ எப்படி மறுக்கிறதுன்னு தெரியலை. ஆனா நீங்க ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய் வருகிறேன். இந்த மேடையில் சொல்லலாமா என்று அவரைக் கேட்டுத்தான் வந்தேன். "பேர் மட்டும் வேண்டாம் சார், பசங்க தெரிஞ்சுக்கட்டும்" என்றார். அந்த ஆலையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த அறிக்கையைத் திருத்த இப்போது அலுவலகம் கிடையாது. ஆகவே எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இந்த இடத்தில் திருத்திக்கொள்கிறேன். பற்றவைக்கும் கருவியால் மட்டும் வந்த விபத்து இல்லை அது. பொறுப்பில் இருந்தவன் ஐந்து நிமிடம் காத்திருக்கவில்லை.

இளைய நண்பர்களே, உங்களில் பலர் அடுத்த வருஷம் வேலைக்குப் போவீர்கள். சுறுசுறுப்பாக இருங்கள் என்று உங்களுக்கு எல்லாரும் சொல்வார்கள், நல்ல புத்திதான். கூடவே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உங்களுக்கும் ஒரு திறப்பு விழா வரும். மேலே இருந்து போன் வரும். வெயிலும் அடிக்கும். பக்கத்துப் படகும் கிளம்பும். அப்போது உங்கள் கணக்கு 'வேண்டாம்' என்று சொன்னால், வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் மேலே இருந்தால், கீழே இருக்கிறவன் வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுங்கள். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். நான் சொன்னேன் அல்லவா, அந்த மாதிரி. சொன்னவன் என்றாவது வெட்கப்படுவான்.

தாத்தா இன்று வரவில்லை. டிக்கெட் எடுத்திருந்தான். மூட்டுவலி என்று டாக்டர் பயணம் வேண்டாம் என்றாராம், கேட்டுக்கொண்டுவிட்டான். அவன் வேறு என்ன செய்வான்? மேனேஜர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறான். இன்று மதியச் சாப்பாட்டுப் பொறுப்பு அவனுடையது. ரசம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.